உன் அப்பாவின் ஃபாரத்தில் நான் எழுதியது

சரவணா,

பத்திரிகை வந்து சேர்ந்தது. மத்தியானம் கூரியர்காரன் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல கனமான அட்டை, ஓரமெல்லாம் பொன் கோடு, பிள்ளையார் தனியாக எழும்பி நிற்கிறார். கையைக் கழுவிவிட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி முன்னால் வைக்கத்தான் எடுத்தேன். உன் பெயரைப் படித்தேன். அந்தப் பெண்ணின் பெயரைப் படித்தேன். மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் இருக்கிற அந்த மண்டபத்தின் பெயரையும் படித்தேன். அதற்குக் கீழே "தாய்மாமன்" என்று போட்டு, தணிகாசலத்தின் பெயர். மஞ்சள் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன். பத்திரிகை இன்னும் சாமி முன்னால் போகவில்லை, டி.வி. மேல் கிடக்கிறது.

போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மீட்டிங் கீது, அப்பறம் கூப்புடுறேன்" என்பாய். அப்புறம் என்பது உனக்கு வருவதே இல்லை. அதனால் எழுதுகிறேன். இருபது வருஷமாக ஊராரின் இன்சூரன்ஸ் ஃபாரங்களை எழுதித் தேய்ந்த கை இது, நாலு பக்கம் எழுதினால் வலிக்காது. படூரில் உன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து படி. நடுவில் எழுந்து போகாதே. இன்னொன்று, காலமெல்லாம் அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்ட தணிகாசலத்தை இந்தக் கடிதத்தில் அவன் என்றுதான் எழுதப் போகிறேன். உனக்குக் கஷ்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவள் என்பது உனக்குத் தெரியும். அது ஒரு குறை என்று கல்யாணமாகும் வரை எனக்குத் தோன்றியதே இல்லை. உனக்குக் காது குத்தும் நாளில்தான் தெரிந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள மாமன் இல்லை என்று உன் அப்பா வீட்டுப் பெண்கள் ஜாடையாகப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே, "பொறந்த வூடு இல்லாதவளக் கட்டினா இப்படித்தான், மடி கூட கடன் வாங்கணும்" என்றாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன்தான் தணிகாசலம். எங்கள் படாளம் ஊர்க்காரன், இரண்டு தெரு தள்ளி வீடு. அன்றைக்கு வெறும் இன்சூரன்ஸ் ஏஜெண்டு, ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி, வெள்ளைச் சட்டை, அவ்வளவுதான். "நான் இன்னா செத்தா போய்ட்டேன்? குடுமா புள்ளைய" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தான். உனக்குப் புதுச் சட்டை, ஒரு ஜோடிக் கடுக்கன், எல்லாம் கையோடு கொண்டு வந்திருந்தான். நீ அலறி அவன் விரலைக் கடித்தாய். அவன் சிரித்தான். அந்த ஒரு நாளுக்காக இருபது வருஷம் அவனுக்கு உழைத்தேன் சரவணா, என்னைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அவனுக்கு ஒரு திறமை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எந்த ஊரில் சாவு விழுந்தாலும் முதல் மாலை அவனுடையதாக இருக்கும். மதுராந்தகத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரை, சொந்தக்காரன் வருவதற்கு முன்னால் அவன் வந்து வாசலில் நிற்பான். பாடைக்கு மூங்கில் பிடிப்பான், அழுகிற பொம்பளைக்குத் தண்ணீர் கொடுப்பான், இன்சூரன்ஸ் என்ற வார்த்தையையே எடுக்க மாட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி வருவான். அன்றைக்கு அந்தத் தெருவே அவனிடம் கையெழுத்துப் போடும். செத்த வீட்டைப் பார்த்து பயந்தவர்களிடம் விற்பது சுலபம் என்று எங்களுக்குப் பிற்பாடு வகுப்பே எடுத்தான். அப்படியே ஏறினான். கிளை மேனேஜர் ஆனான், மண்டலத்துக்குப் போனான், கடைசியில் வெண்குடை இன்சூரன்ஸ் என்ற அந்தக் கம்பெனிக்கே தலைவன் ஆகி நாற்காலியில் உட்கார்ந்தான். பாலிசி எடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு வெள்ளைக் குடை கொடுத்தார்களே, நம் வீட்டில் மட்டும் ஆறு இருந்தன, நீ கிரிக்கெட் ஸ்டம்ப்பாக நட்டு விளையாடுவாய். ஓ.எம்.ஆர். ரோட்டில் அவன் ஆபீஸ் கட்டடம் எழும்பியபோது, பஸ்ஸில் போகிறவர்களிடமெல்லாம் "எங்கண்ணன் ஆபீசு" என்று காட்டினேன். முன்பின் தெரியாதவர்களிடம் கூடக் காட்டினேன்.

என்னை ஏஜெண்டாகச் சேர்த்தவனும் அவன்தான். செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் நாற்பது பேரை உட்கார வைத்து, ஃபாரம் எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்தான். பெயர், ஊர், வயது, நாமினி எல்லாம் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் பதினோரு கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, நெஞ்சு வலி வந்ததுண்டா, ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று எழுத இடம். அவன் சொன்னான்: "இதெல்லாம் கஸ்டமரக் கேக்காதீங்க. கேட்டா யோசிப்பான். யோசிச்சா அவனுக்கே பயம் வந்துடும், கெளம்பிடுவான். மொதல்ல கையெழுத்த வாங்கு. வூட்டுக்குப் போய் நீயே பூர்த்தி பண்ணு. பதினொண்ணுக்கும் இல்லை. ஒரு எடத்துல ஆம்னு எழுதினா அந்த ஃபாரம் திரும்பி வந்துடும், உன் வேல கெட்டுச்சு." நாங்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டோம். ஒருவர் கூட, அப்படியென்றால் அந்தக் கேள்விகள் எதற்கு என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பிளஸ் டூ படித்தவள் என்று எனக்குப் பெருமை வேறு.

இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரியாதது. தெரியக் கூடாது என்று நானே பார்த்துக்கொண்டது. உன் அப்பா லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம். கல்பாக்கம் பக்கம் செங்கல் இறக்கும்போது ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்து, மாத்திரை எழுதிக்கொடுத்து, மாதா மாதம் வரச் சொன்னார்கள். அவரும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார். ஐந்தாறு மாதம் கழித்து, நான் அந்த மாதம் பிடித்துக் கொடுக்க வேண்டிய கணக்கில் ஒரு பாலிசி குறைந்தது. தணிகாசலம் சொன்னான், "வூட்டுக்காரர் பேர்ல ஒண்ணு போடு தங்கச்சி, உனக்கும் ஆச்சு, குடும்பத்துக்கும் ஆச்சு." நெஞ்சு வலி வந்தவராயிற்றே அண்ணா என்றேன். "எழுது, இல்லைன்னு எழுது. நான் கீறேன்ல" என்றான். சாப்பிட்டு முடித்த தட்டுக்குப் பக்கத்தில் ஃபாரத்தை வைத்து எழுதினேன். உன் அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, நான் மாத்திர தின்னுகினு கீறேன், நீ இல்லைன்னு எழுதிகினு கீற?" என்றார். சும்மா இருய்யா, அண்ணன் சொல்லிகீறாரு என்றேன். அவர் சிரித்தார். "எழுது எழுது. எழுதினாலே போயிடும்னா நல்லதுதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் வேண்டியதில்லை. அடுத்த வாரம் தணிகாசலம் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு வூட்ல கீதா? இருந்தா வெச்சிக்காத. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவர அங்க போக வேணாம்னு சொல்லு. போனா பேரு பதிவாகும். மருந்துக் கடையில வாங்கிக்கட்டும், அதே மாத்திரதானே." அவன் போனதும் ஆஸ்பத்திரி நோட்டையும் சீட்டுகளையும் அடுப்பில் போட்டேன். நானே போட்டேன் சரவணா. உன் அப்பாவிடம், ரெண்டு மூணு மாசம் போக வேணாம்யா, கடைல வாங்கித் தரேன் என்றேன். சீட்டு இல்லாமல் கடைக்காரன் ஒரு மாதம் கொடுத்தான், அப்புறம் முகம் சுளித்தான். உன் அப்பாவுக்கும் நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். ரெண்டு மூணு மாசம் என்பது ஒரு வருஷம் ஆனது. ஒரு விடியற்காலை வண்டியை எடுக்கப் போனவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்குத் திடீர் என்று வந்தது, யாருக்கும் தெரியாது என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தேன். திடீர் என்று வரவில்லை. சொல்லிவிட்டுத்தான் வந்தது. நான்தான் இல்லை என்று எழுதினேன்.

சாவு வீட்டுக்கு முதல் மாலை அவனுடையதுதான். கூட்டம் குறைந்ததும் சமையலறையில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சீட்டை எரித்துவிட்டேன் அண்ணா, நான்தான் அவரைக் கொன்றுவிட்டேன் என்று அவனிடம்தான் சொன்னேன். உலகத்தில் அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். "வாய மூடு. இத யார் கிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். பதினோராம் நாளே பணம் வந்தது. உன் படிப்பு அந்தப் பணம்தான். ஆனால் வீட்டுக்கு வரவில்லை, ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் செக்கை என் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். பொட்டில்லாத நெற்றியோடு நான், பக்கத்தில் கை கூப்பியபடி அவன். அடுத்த வருஷம் கம்பெனி காலண்டர் முழுக்க அந்தப் படம்தான். நம் வீட்டில் அது மாட்டியிருந்ததே, நீ விரலால் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்ப்பாயே. நான் அதைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். "பாருங்க, என் வூட்டுக்காரர் போனாரு, பதினோரு நாள்ல குடுத்தாங்க" என்றேன். அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

கடப்பாக்கத்தில் அப்படித்தான் ஏழுமலையைப் பிடித்தேன். கோட்டைக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தான், நல்ல கட்டுமஸ்தான ஆள். காலண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரி எழுதிக்கோ என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் கேட்காமலே அவனாகச் சொன்னான்: "யக்கா, எனக்கு சக்கர கீது. ரெண்டு வருசமா மாத்திர போடுறேன். அதையும் எழுதிக்கோ, நாளைக்கு வம்பு வரக்கூடாது." அதெல்லாம் எழுத வேணாம்பா, ஃபாரம் திரும்பிடும் என்றேன். அவன் பெண்டாட்டி அஞ்சலை, மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, "அக்காவுக்குத் தெரியாதா, வுடு" என்றாள். வீட்டுக்கு வந்து பதினோரு இல்லை எழுதினேன். இரண்டாம் வருஷம் அவன் காலில் ஒரு புண் வந்து, சர்க்கரையால் ஆறாமல், செத்துப் போனான். அஞ்சலை கம்பெனிக்கு எழுதினாள். நோயை மறைத்தார் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டார்கள். நான் ஓ.எம்.ஆர். ஆபீசுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்தேன். தணிகாசலத்தின் அறைக்குள்ளேயே விடவில்லை. போனில் "பாக்கலாம் தங்கச்சி" என்றான். என் புருஷன் ஃபாரத்துக்கும் அவள் புருஷன் ஃபாரத்துக்கும் என்ன வித்தியாசம், எனக்கு எப்படிக் கொடுத்தாய், அவளுக்கு ஏன் இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நம் கதை கிளறப்படுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அஞ்சலையைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வருஷம் கடப்பாக்கம் பக்கமே போகவில்லை.

அவன் விழுந்த கதையை நீ பேப்பரில் படித்திருக்கிறாய். ஜனங்கள் கட்டிய பணத்தை மச்சான் பேரிலும் மருமகன் பேரிலும் கடற்கரையோர மனைகளாகப் போட்டான், தணிக்கைக்காரர்கள் பிடித்தார்கள், ஆபீசுக்குச் சீல் வைத்தார்கள், அவனைக் கைது செய்தார்கள், இப்போது ஜாமீனில் இருக்கிறான். அதெல்லாம் அவன் எதிரிகள் செய்தது, மாமா பாவம் என்று நீ சொல்கிறாய். கல்யாணம் நடக்கப் போகிற அந்த மண்டபம் யாருடையது என்று விசாரித்தாயா? அவன் மச்சானுடையது. ஏழுமலை மாதிரி ஆயிரம் பேர் கட்டிய பணத்தில் நின்ற சுவர் அது. ஒரு நாள் போனில், "உப்பு போட்டவங்கள மறக்கக் கூடாதும்மா" என்றாய். யார் உப்பு கண்ணு அது? எனக்குக் கோபம் வந்தாலும் அன்றைக்குப் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் நானும் ஒரு நாள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி போனாலும் என் அண்ணன் எனக்கு அண்ணன்தான் என்று, அவன் ஜெயிலில் இருந்தபோது கோவிலில் விளக்குப் போட்டவள் நான்.

நான் மாறியது போன தை மாதத்தில். அஞ்சலை ஒரு நாள் பஸ் மாறி மாறி நம் வீட்டுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கட்டுத் தாள். கன்ஸ்யூமர் கோர்ட்டில் அவள் போட்ட கேஸுக்கு, கம்பெனி தரப்பில் கொடுத்த பதில் அது. தணிகாசலம் தலைவனாக இருந்தபோதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம். "யக்கா, வக்கீல் காப்பி குடுத்தாரு. எல்லாம் இங்கிலீஷ்ல கீது. உனக்குத்தான் கொஞ்சம் தெரியுமே, இன்னா எழுதிகீறான்னு படி" என்றாள். தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நோயை மறைத்து எழுதுவது ஏஜெண்டுகள் தாங்களாகச் செய்த மோசடி, கம்பெனிக்குத் தெரியாது என்று இருந்தது. அதற்கு ஓர் உதாரணம் கொடுத்திருந்தான். இந்தக் குறிப்பிட்ட ஏஜெண்டு இதற்கு முன்பு தன் சொந்தப் புருஷனின் இதய நோயையே மறைத்துப் பாலிசி எடுத்தவர், ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எரித்தவர், கம்பெனியை ஏமாற்றிப் பணம் பெற்றவர். கீழே என் பெயர். உன் அப்பா பெயர். தணிகாசலத்தின் கையெழுத்து.

சமையலறையில் அவன் காலடியில் நான் அழுததைத் தூக்கிக் கோர்ட்டில் கொடுத்துவிட்டான் சரவணா. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சொல்லி எழுதினேன், அவன் சொல்லி எரித்தேன். என் தாலி அறுந்த படத்தை வைத்துத்தான் நாற்காலியில் ஏறினான். ஏறி முடித்த பிறகு, தன் தலை தப்புவதற்கு, செத்தவரின் பெயரையும் இழுத்தான். கழுத்தறுத்தான் என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள், அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொரு கேவலத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரிகளை நான் அஞ்சலைக்குப் படிக்கவில்லை. தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அவள் தாளை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், உன் அப்பா கதையும் சேர்த்து. அவள் அழுவாள், இல்லை மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. "நீ ஒரு எடத்த தாண்டினது எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உன் வெரலு அங்க நின்னுச்சு, வாயி வேற எங்கயோ போச்சு" என்றாள். பிறகு எதற்குப் பேசாமல் போனாய் என்றேன். "நீயா வந்து சொல்றியான்னு பாக்கலாம்னுதான்" என்றாள். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எனக்குத் துட்டு வந்தா வருது, வராட்டி போவுது. எங்க வூட்டு ஆள ஏமாத்துக்காரன்னு எழுதிகீறாங்க பாரு, அத அழிக்கணும். அவரு சொன்னாரு, சக்கர கீதுன்னு வாயத் தொறந்து சொன்னாரு. கேட்டது நீயும் நானுந்தான். நான் சொன்னா பொண்டாட்டி சொல்றான்னுடுவாங்க. நீ வந்து சொல்லு" என்றாள். வருகிறேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். இப்போது சம்மன் வந்திருக்கிறது. இந்த வியாழக்கிழமை, செங்கல்பட்டு கோர்ட்டில், பத்தரை மணிக்கு. நான் போய் அங்கே சொன்னால் உன் அப்பா ஃபாரமும் திறக்கும். எனக்கு என்ன தண்டனை வரும் என்று வக்கீலுக்கே நிச்சயமில்லை. ஆனால் இப்படி எழுதச் சொன்னது தணிகாசலம்தான் என்று நான் சொன்னால், தள்ளிவிட்ட கேஸெல்லாம் எழுந்து வரும், அவன் ஜாமீனும் ஆட்டம் காணும். என்னைவிட அவனுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நீ போன் செய்தாய். "வியாழக்கிழமை காலைல ரெடியா இரும்மா, கார் அனுப்பறேன், காஞ்சிபுரம் போய்ப் புடவை எடுத்துடலாம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை போகலாமேடா, உனக்கும் லீவு என்றேன். "இல்லம்மா, வியாழக்கிழமதான்" என்று பிடிவாதமாக நின்றாய். எனக்கு அன்றைக்கு வேலை இருக்கு என்றதும், "அந்தக் கேஸெல்லாம் கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்மா" என்றாய். சரவணா, கேஸ் என்று ஒன்று இருப்பதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. சம்மன் வந்தது அஞ்சலைக்கும் வக்கீலுக்கும் எனக்கும் தெரியும், அப்புறம் எதிர்ப்பக்கத்துக்குத் தெரியும். போனை வைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. அவன் செய்தது எனக்கு வயிற்றெரிச்சல். நீ செய்தது அப்படி இல்லை, அதை என்னவென்று சொல்ல எனக்கு வரவில்லை.

ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும். கைம்பெண் நான், முகூர்த்த நேரத்தில் ஓரமாக நின்றுகொள்கிறேன் என்றபோது என்னோடு சண்டை போட்டவன் நீ. மேடையில் என் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தாலியே கட்ட மாட்டேன் என்றாய். அப்படிப்பட்ட பிள்ளையிடம் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று என்னால் எழுதிக் காட்ட முடியும். அம்மாவுக்கு வயசாச்சு, கோர்ட்டுல நிக்க வெச்சா ஒடம்புக்கு ஆகாது, பொண்ணு வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா நல்லா இருக்காது, ஒரு நாள் வெளியூர் கூட்டிகினு போ, நான் பாத்துக்கறேன். அதே "நான் பாத்துக்கறேன்". என்னையும் இப்படித்தான் பிடித்தான், நம் மேல் இருக்கிற பாசத்தைக் கொண்டே நம்மைப் பிடிப்பான். அதனால் உன்னை வெட்டி விடுகிற பேச்சு எனக்கு இல்லை. ஆனால் நடக்கப் போவதைச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போகிறேன். கார் வந்தால் வாசலில் நிற்கட்டும், டிரைவருக்குக் காப்பி கொடுத்து அனுப்புகிறேன். அடுத்த வாரம் உன் கல்யாணத்துக்கும் வருகிறேன், எந்த மண்டபமானாலும். மேடையில் உன் நெற்றியில் பட்டம் கட்ட மாமனைக் கூப்பிடும்போது அவன் கை உன் மேல் படக் கூடாது. உன் அப்பாவைக் கோர்ட்டுத் தாளில் திருடனாக்கிய கை அது. மாமன் இல்லை என்று ஊர் பேசினால் பேசட்டும், காது குத்தும்போதும் பேசியதுதானே. நான் கட்டுகிறேன். பொட்டில்லாதவள் கட்டினால் அபசகுனம் என்பார்கள். அவன் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பழைய ஃபாரம் மாதிரியே கோடு போட்டு நானே தயார் செய்தது, கை சும்மா இருக்கவில்லை. மேலே உன் பெயரும் உன் அப்பா பெயரும் எழுதியிருக்கிறேன். பதினோரு கேள்விகள் இல்லை, ஒன்றே ஒன்றுதான். "வியாழக்கிழமை உன் அம்மாவை ஊரில் இல்லாமல் பார்த்துக்கொள் என்று தணிகாசலம் உன்னிடம் சொன்னானா?" எதிரே இடம் விட்டிருக்கிறேன். நான் இத்தனை வருஷத்தில் ஒருவரையும் கேட்டு எழுதியதில்லை, உன்னைத்தான் முதலில் கேட்கிறேன். ஆம் என்று எழுதினால் ஃபாரம் திரும்பிவிடும் என்று அவன் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். இந்த வீட்டில் திரும்பாது. ஆம் என்றால் ஆம் என்றே எழுதி அனுப்பு, பத்திரிகைக்கு மஞ்சள் தடவி சாமி முன்னால் வைக்கிறேன். உனக்காக அந்த இடத்தை நான் நிரப்ப மாட்டேன் கண்ணு, நீயே எழுது.

அம்மா